கையொப்பமும் ஊர்ப்பெயரும்: தமிழக நவீனக் கலையும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும்

முன்னுரை

தமிழகத்தில் நவீனக் கலை குறித்து எழுதப்பெற்றவற்றுள் பெரும்பகுதி சென்னை ஓவியப் பள்ளியை மையமாகக் கொண்டது. அவ்வெழுத்துகள் நவீனத்தை மரபிலிருந்து விலகல் என்றோ, மரபின் மறுகண்டுபிடிப்பு என்றோ விளக்குகின்றன. இவ்விரு விளக்கங்களும் வடிவத்தைப் பற்றியவை. கோடு எவ்வாறு மாறியது, வண்ணம் எவ்வாறு மாறியது என்பனவே அவற்றின் வினாக்கள். சமூகம் மாறுகையில் கலையில் நிகழும் மற்றொரு மாற்றம் அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. செய்யப்பட்ட பொருள் யார் பெயரால் அறியப்படுகிறது என்பதே அது.

நவீன ஓவியத்தின் மூலையில் ஓவியரின் கையொப்பம் உள்ளது. அதே காலத்தில் அதே நாட்டில் செதுக்கப்பட்ட மரச்சிற்பம் செதுக்கியவர் பெயரின்றி, ஊரின் பெயரால் விற்பனைக்கு வருகிறது. 2021ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயர் அத்துடன் சட்டத்தின் பாதுகாப்பையும் பெற்றது. கையொப்பம், ஊர்ப்பெயர் ஆகிய இரண்டும் ஒரே சமூக மாற்றத்தின் விளைவுகள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இவற்றுள் ஒன்று புதுமை செய்யும் உரிமையை அளிக்கிறது. மற்றொன்று பழையதைக் காக்கும் கடமையை அளிக்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே ஆராயப்படுகிறது.

தேர் ஈந்தவனும் தேர் செய்தவனும்

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்குள் அடங்கும் திருக்கோவிலூர், சங்க இலக்கியத்தில் கோவலூர் எனப்படும் மலையமான் திருமுடிக்காரியின் ஊர். காரி தேர்க்கொடைக்குப் பெயர் பெற்றவன். கள்ளுண்டு மகிழ்ந்திருக்கும் வேளையில் தேர் ஈவது எவர்க்கும் எளிது, மலையனோ உண்ணாத போதும் ஈவான் என்னும் பொருள்படக் கபிலர் அவனைப் பாடுகிறார் (புறம். 123). கொடுத்தவன் பெயரும் பாடியவர் பெயரும் ஈராயிரம் ஆண்டுகளாக நிலைத்துள்ளன. அத்தேர்களைச் செய்த தச்சர் ஒருவரின் பெயரும் நமக்குக் கிட்டவில்லை.

எனினும் தச்சனின் உழைப்பு புலவர் கண்ணுக்குத் தப்பியதன்று. கோவலூரை வென்ற அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடும் ஔவையார், நாளொன்றுக்கு எட்டுத் தேர்கள் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தை அவனுக்கு உவமையாக்குகிறார் (புறம். 87). விரைந்து செய்வதும் நின்று செய்வதும் வேறு என்பதை இவ்வுவமை அறிந்திருக்கிறது. ஒரே கைவினைஞரின் பொருள்களுக்குள்ளேயே தரவேறுபாடு உண்டு என்பதையும், அவ்வேறுபாடு அவர் செலவிடும் காலத்திலும் கருத்திலும் உள்ளது என்பதையும் அது ஏற்கிறது. பிற்காலத்தில் 'கலைஞர்' என்னும் சொல் சுட்டும் பண்பு இதுவே. பெயர் மட்டும் இல்லை.

கைவினைஞர் தம் பெயரைத் துறந்து இறைப்பணியில் கரைந்தனர் என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் எழுத்துகள் அதற்குப் பெரும் ஆதரவளித்தன. 1909இல் வெளிவந்த இந்தியக் கைவினைஞர் பற்றிய அவரது நூல், தொழிற்சாலை உற்பத்திக்கு எதிரான மாற்று வாழ்வாகக் கைவினைச் சமூகத்தைக் கண்டது. குடியேற்ற ஆட்சியின் இழிவுரைகளுக்கு மறுமொழியாக அந்நோக்கு தேவைப்பட்டது. ஆயினும் பெயரின்மையை அது ஒரு விழுமியமாக உயர்த்தியது ஐயத்திற்குரியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வீரசோழனான குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனைப் பெயர் சுட்டிக் குறிக்கிறது. எட்டாம் நூற்றாண்டுப் பட்டடக்கல் கோயிலிலும் தலைமைக் கட்டடக் கலைஞரின் பெயரும் சிறப்பும் பொறிக்கப்பட்டுள்ளன. பெயர் பொறிக்கும் வாய்ப்பு கிடைத்தவர்கள் அதைத் துறக்கவில்லை. பலருக்கு அவ்வாய்ப்பு கிட்டவில்லை என்பதே பொருத்தமான முடிவு. பெயரின்மையை ஆன்மிக நிலையாகக் காண்பதைவிடச் சமூக நிலையாகக் காண்பதே சான்றுகளுக்கு நெருக்கமானது.

பள்ளி வகுத்த கோடு

1850ஆம் ஆண்டு அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியின் முதன்மை நோக்கம் ஓவியர்களை உருவாக்குவதன்று; பயன்பாட்டுப் பொருள்களின் தரத்தையும் மக்களின் இரசனையையும் உயர்த்துவதாகும். 1884இல் பொறுப்பேற்ற ஈ.பி. ஹேவல் தென்னிந்தியக் கைத்தொழில்களை ஆராய்ந்து, அவற்றை மீட்கும் இடமாகப் பள்ளியை மாற்ற முயன்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரங்களை உருவாக்கும் சோதனைகளை நடத்தினார். இன்றைய வாசகருக்கு இது வியப்பளிக்கலாம். பிற்காலத்தில் நவீன ஓவியத்தின் தாயகமான நிறுவனம் ஒரு காலத்தில் சமையற்பாத்திரம் செய்தது.

1929இல் தேவி பிரசாத் ராய் சௌதுரி அப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவரானார். அவர் காலத்தில் நுண்கலை முன்னிலைக்கு வந்தது. கைவினைப் பிரிவுகள் அதே வளாகத்தில் பின்னிலைக்குச் சென்றன. சென்னைக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட அவரது உழைப்பாளர் சிலை இம்மாற்றத்தின் இயல்பை நன்கு காட்டுகிறது. பாறையைப் பெயர்க்கும் நால்வருக்கும் பெயரில்லை; அவர்கள் 'உழைப்பு' என்னும் கருத்தின் உருவங்கள். சிற்பியின் பெயரோ அனைவரும் அறிந்தது. உழைப்பவனைப் போற்றும் சிலையில் உழைப்பவன் பெயரற்றவனாகவும் படைத்தவர் பெயருள்ளவராகவும் நிற்பது சிற்பியின் குறையன்று. அன்று உருவாகிக்கொண்டிருந்த கலைச் சமூகத்தின் இலக்கணம் அது.

1957ஆம் ஆண்டு தனித்த கவனத்திற்குரியது. ராய் சௌதுரிக்குப்பின் கே.சி.எஸ். பணிக்கர் சென்னைப் பள்ளியின் தலைமையை ஏற்றார். அதே ஆண்டில் மாமல்லபுரத்தில் அரசின் சிற்பப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பெற்றது. முன்னதில் மாணவர் தமக்கெனத் தனிப்பாணியைத் தேடினர். பின்னதில் தாள அளவு, தியானச் செய்யுள், சிற்பநூல் மரபு ஆகியவற்றைப் பயின்றனர். இரண்டையும் நடத்தியது ஒரே அரசு. சிற்பம் இரண்டாகப் பிரிந்தது கருத்தளவில் மட்டுமன்று, நிறுவன அளவிலும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இப்பிரிவினையை மேலை நாட்டு நவீனம் அப்படியே ஏற்றதுமில்லை. 1919இல் செர்மனியில் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளி, கலைஞருக்கும் கைவினைஞருக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை என்று அறிவித்தது. அப்பள்ளியினரின் படைப்புகள் 1922லேயே கொல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. நவீனம் என்பது கைவினையின் மறுப்பு என்னும் எண்ணம் நவீனத்தின் முழு வரலாற்றைப் பிரதிபலிப்பதன்று.

பாதிக் துணியும் ஓவியச் சட்டமும்

பணிக்கரும் அவர்தம் மாணவரும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், கைவினையால் வாழ்ந்த நவீனம் என்று கூறத்தக்கது. ஓவியம் வாங்குவோர் மிகச் சிலராயிருந்த காலம் அது. ஓவியர்கள் பாதிக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயில் நிலம் வாங்கி வீடு கட்டினர். சந்தைக்கு அடிபணியாமல் ஓவியம் தீட்ட வேண்டுமெனில், சந்தைக்குரிய வேறொரு பொருளைச் செய்தாக வேண்டும் என்னும் நடைமுறை அறிவு இதன் அடிப்படை. தமிழக நவீனக் கலையின் பொருளியல் வரலாறு எழுதப்படுமாயின், பாதிக் துணிக்கு அதில் ஓர் இயல் ஒதுக்கப்பட வேண்டும்.

அதே ஓவியர் பாதிக் துணியில் பெரிதும் பெயரற்றவர், ஓவியத்தில் பெயருடையவர். ஒரு நாளின் இரு வேளைகளில் ஒரே கை இரு சமூக நிலைகளை வகித்தது. கலை, கைவினை என்னும் பிரிவு கையின் திறனில் இல்லை, பொருளின் மதிப்பில் உள்ளது என்பதற்குச் சோழமண்டலத்து வாழ்வே சோதனைக்கூடம்.

வடிவத்திலும் கைவினை நவீனத்திற்கு ஊற்றாயிற்று. பி.வி. ஜானகிராமின் தாமிரத் தகட்டுச் சிற்பங்கள் கோயில் கவச வேலையை நினைவூட்டுபவை. பணிக்கர் 1963 முதல் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை, சாதகக் கட்டங்களையும் படிக்க இயலாத எழுத்து வரிகளையும் ஓவியத்தளமாக்கியது. எஸ். தனபாலின் சுடுமண், உலோக உருவங்களில் ஊர்ப்புறச் சிற்பத்தின் திண்மை தெரிகிறது. சிறுபத்திரிகை வாசகர் அறிந்த கே.எம். ஆதிமூலத்தின் கோடுகள், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வழியே வெகுமக்கள் இதழுக்குள்ளும் புகுந்தன. நவீன ஓவியம் தமிழ் வாசகரை அடைந்தது காட்சிக்கூடத்தைவிட அச்சுத்தாள் வழியாகவே என்பது தனி ஆய்வுக்குரியது.

இங்கே ஒரு வேறுபாட்டை வலியுறுத்த வேண்டும். நவீனர் கைவினையிடமிருந்து பொருளையும் உத்தியையும் பெற்றனர். கைவினைஞர் நவீனத்திடமிருந்து பெயரைப் பெறவில்லை. இக்கோட்டைக் கடந்தவர்களும் உளர். சிற்ப மரபுக் குடும்பத்திலிருந்து வந்த வித்யாசங்கர் ஸ்தபதி சென்னைப் பள்ளியில் பயின்று, உலோகத் தகட்டில் தமக்கெனப் பாணி கண்ட நவீனச் சிற்பியானார். எனினும் அவர் கடந்தது பள்ளி என்னும் வாயில் வழியே. பட்டறையிலேயே இருந்துகொண்டு கடக்கும் வழி அன்று இல்லை. இன்று உண்டா என்பது அடுத்த வினா.

கள்ளக்குறிச்சி: ஊரின் பெயரால்

2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் மரச்சிற்பத் தொழில் நடைபெறுகிறது. தெய்வ உருவங்கள், கதவு நிலைகள், அலங்காரப் பலகைகள் முதலியன செதுக்கப்படுகின்றன. மேற்கே தம்மம்பட்டியும் தெற்கே பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரும் இதே தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அரும்பாவூர் மரச்சிற்பத்திற்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளியும் கொட்டாப்புளியும் கொண்ட பட்டறைகள் ஒரு பரந்த வட்டாரமாக இங்கே தொடர்கின்றன.

இத்தொழிலின் புரவலர் மாறியுள்ளனர். தேரும் ஊர்தியும் கோயிற்கதவும் முன்பு மரச்சிற்பத்தின் முதன்மைக் களங்கள். நிலவுடைமை மாறியது, கோயில் நிருவாகம் அரசுத் துறையின்கீழ் வந்தது. 1973இல் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் உருவாகி, 'பூம்புகார்' விற்பனை நிலையங்கள் வழியே கைவினைப் பொருள் நகர வீட்டின் வரவேற்பறைக்குச் சென்றது. தெய்வ உருவம் வழிபடு பொருளாக மட்டுமின்றிப் பரிசுப் பொருளாகவும் ஆயிற்று. கோயிலுக்காகச் செதுக்கியவரைக் கோயிலார் அறிவர். காட்சி அலமாரியில் உள்ள சிற்பத்தைச் செதுக்கியவரை வாங்குவோர் பெரும்பாலும் அறியார். சந்தை விரிந்த அளவுக்குச் செய்தவர் மறைந்தார். ஓவியருக்குக் கையொப்பம் தேவைப்பட்டதும் இதே காரணத்தால்தான். முகமறியா வாங்குவோரிடம் பொருளுக்கு உத்தரவாதம் அளிப்பது பெயர். ஓவியத்தில் அப்பெயர் தனிமனிதருடையதாயிற்று, மரச்சிற்பத்தில் ஊருடையதாயிற்று.

1999ஆம் ஆண்டுச் சட்டப்படி புவிசார் குறியீடு என்பது, ஒரு பொருளின் தரமோ புகழோ பிற இயல்போ அது தோன்றிய நிலப்பகுதியைச் சார்ந்திருப்பதைக் குறிப்பது. இச்சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கலாம். இவ்வுரிமையை விற்கவோ அடகு வைக்கவோ உரிமம் வழங்கவோ இயலாது. தனிமனிதரின் சொத்தாக ஆகாதவாறு அமைத்தது இச்சட்டத்தின் சிறப்பு. வேறிடத்தில் செய்த பொருளைக் கள்ளக்குறிச்சியின் பெயரால் விற்பதைத் தடுக்க அது உதவும். இப்பயனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கையில் அப்பொருள் எத்தகையது, எம்முறையில் செய்யப்படுவது, எவ்வாறு வழிவழி வந்தது என்பன விளக்கப்பட வேண்டும். சின்னசேலத்துப் பட்டறையில் இளைஞர் ஒருவர் தெய்வ உருவை விடுத்து, தம் ஊரில் ஏரி வற்றியதையோ கரும்பு வெட்டும் கூட்டத்தையோ தாம் கண்டவாறு மரத்தில் செதுக்குகிறார் எனக் கொள்வோம். அது கள்ளக்குறிச்சியில் செதுக்கப்பட்டது. ஆனால் 'கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்' என்னும் விளக்கத்துக்குள் அடங்குமா என்பது ஐயம். அடங்காவிடில் ஊர்ப்பெயரின் காப்பு அதற்கில்லை. கையொப்பத்தின் மதிப்பும் அவருக்கு இன்னும் உருவாகவில்லை. புதுமை செய்யும் கணத்தில் அவர் இரு பெயர்களையும் இழக்கிறார்.

சட்டத்தின் கண்ணில் சிற்பம்

இந்த இழப்பைச் சட்டம் விதிக்கவில்லை. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஓவியம், சிற்பம் முதலியவற்றைக் கலைப்படைப்பு என வரையறுக்கும்போது, அவற்றில் கலைத்தன்மை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை கலைப்படைப்பே என்கிறது. நுண்கலைச் சிற்பம், கைவினைச் சிற்பம் என்னும் பாகுபாடு அங்கில்லை. தன்முயற்சியால் புதிதாக ஒன்றைச் செதுக்கிய கைவினைஞருக்கும் பதிப்புரிமை உண்டு. வாழ்நாளும் அதன்பின் அறுபது ஆண்டுகளும் அது நிலைக்கும். படைப்பாளர் தாமே என்று உரிமை கோரும் தார்மிக உரிமையும் உண்டு. பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட மறுவிற்பனையில் பங்கு பெறும் உரிமைக்கும் சட்டத்தில் இடமுண்டு. தாள அளவும் முத்திரையும் அனைவர்க்கும் பொதுவானவை என்பதால் அவற்றின்மீது எவரும் தனியுரிமை கோர இயலாது. ஆயினும் பொது இலக்கணத்தில் எழுதிய செய்யுளுக்குப் புலவர் உரிமையுடையவர் அல்லரோ!

சட்டம் கலையை வரையறுக்கும் வேளையில் சமூகத்தின் மனநிலை வெளிப்படும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. ருமேனியாவில் பிறந்து, மரவேலையிலும் பயிற்சி பெற்ற பிரான்குசியின் 'வெளியில் பறவை' 1926இல் அமெரிக்காவுக்குள் வந்தபோது, சுங்கத்துறை அதைச் சிற்பமாக ஏற்க மறுத்தது. சமையலறைக் கருவிகளும் மருத்துவமனைப் பொருள்களும் அடங்கிய வகையில் சேர்த்து வரி விதித்தது. 1928இல் நீதிமன்றம் அதைக் கலைப்படைப்பென ஏற்றது. அங்கே பறவையின் உருவம் தெரியாமையால் கலை பயன்பொருளாகக் கருதப்பட்டது. இங்கே உருவம் மிகத் தெளிவாகத் தெரிவதாலேயே கலை கைத்தொழிலாகக் கருதப்படுகிறது. இரண்டிலும் பொருளை நேர்நின்று காண்பதற்கு முன் வகைப்பெயர் முந்திக்கொள்கிறது.

சாதியும் தேர்வும்

தனிப்பெயர் பற்றிய வினா சாதி பற்றிய வினாவும் ஆகும். கைவினை குலத்தொழிலாகக் கருதப்படும்வரை, செய்தவர் தனிமனிதராகக் காணப்படுவது அரிது. குலத்தின் கை என்றே காணப்படுவார். நவீனக் கலைப்பள்ளி குலம் சாராதவருக்கும் உளியைக் கொடுத்தது. அது அதன் மறுக்கவொண்ணாச் சாதனை. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் குடும்ப வழித் தொழில் என்னும் நிபந்தனையைச் சுட்டி, அத்திட்டத்தை அதன் அன்றைய வடிவில் செயற்படுத்த இயலாதெனத் தமிழ்நாடு அரசு 2024இல் தெரிவித்தது. சாதி சாராத கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தனியே கொணர்ந்தது. தொழிலைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பற்றியது இவ்விவாதம். பிறப்பால் வந்த தொழில் தேர்ந்த தொழிலாக மாறும்போதுதான் 'நான் இதைச் செய்தேன்' என்னும் கூற்று பொருள் பெறும். நவீனம் என்னும் சொல்லுக்கு இவ்வட்டாரத்தில் பொருத்தமான விளக்கம் கோட்டின் கோணலில் இல்லை, இக்கூற்றில் உள்ளது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். சிறந்த கைவினைஞர்க்கான தேசிய விருதுகள் 1965 முதல் வழங்கப்படுகின்றன. மாநில அரசும் விருதளிக்கிறது. ஆகவே பெயர் கிடைக்கத்தானே செய்கிறது எனலாம். உண்மை. ஆயினும் விருது வாழ்நாள் திறனுக்கோ போட்டிக்கு வந்த ஒரு பொருளுக்கோ கிடைப்பது. ஆண்டு முழுதும் பட்டறையிலிருந்து வெளியேறும் பொருள்கள் பெயரின்றியே செல்கின்றன. மேலும் விருதின் பெயரிலேயே 'கைவினை' உள்ளது. அப்பெயர் பெற்றவரின் படைப்பு நவீனக் கலைக் காட்சிக்கூடத்தில் அவ்வளவு எளிதாக இடம்பெறுவதில்லை.

பெயர் பொறிக்கும் நடைமுறை

புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் தனித்தனி உற்பத்தியாளர் தம்மை 'அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்' எனப் பதிந்துகொள்ள வழியுண்டு. அப்பதிவேட்டில் கைவினைஞரின் பெயர் இடம்பெறும். பொருளின் மீதுதான் இடம்பெறுவதில்லை. பீடத்தின் அடிப்பகுதியில் ஊர்ப்பெயருடன் செதுக்கியவர் பெயரையும் ஆண்டையும் பொறிப்பதற்குச் சட்டத் தடை எதுவுமில்லை, பெருஞ்செலவுமில்லை. ஒரு பட்டறையில் ஒருவர் மரம் அறுத்து உருவரைய, மற்றொருவர் செதுக்க, வேறொருவர் மெருகேற்றுவாராயின் யார் பெயரைப் பொறிப்பது என்பது மெய்யான சிக்கல். திரைப்படத்திற்கும் அச்சுநூலுக்கும் இதே சிக்கல் வந்தது. அவை பல பெயர்களை வரிசைப்படுத்தும் மரபைக் கண்டன.

புது வடிவங்களைப் பொறுத்தவரை, குறியீட்டின் விளக்கத்தைக் 'குறிப்பிட்ட உருவங்கள்' என்பதிலிருந்து 'குறிப்பிட்ட செதுக்குமுறை' என்பதை நோக்கி நகர்த்துவது கைவினைஞர் சங்கங்கள் எண்ணிப்பார்க்க வேண்டிய ஒன்று. உளி செல்லும் ஆழம், மேல்நோக்கிப் புடைத்தெழும் வேலைப்பாடு, மரத்தின் ஓட்டத்திற்கேற்ப வடிவை அமைக்கும் முறை ஆகியவை வட்டாரத்தின் தனித்தன்மையாக நிறுவப்படுமாயின், கரும்பு வெட்டும் பெண்ணின் உருவும் பிள்ளையாரின் உருவும் ஒரே பெயரின்கீழ் நிற்க இயலும். அத்தகைய விளக்கத்தை எழுதுவதற்கு முதலில் பட்டறைச் சொற்கள் தொகுக்கப்பட வேண்டும். உளி வகைகளுக்கும் செதுக்கும் நிலைகளுக்கும் குறைபட்ட மரத்துக்கும் இவ்வட்டாரத் தச்சர் வழங்கும் பெயர்கள் இன்னும் பேச்சில் உள்ளன. மூத்த தலைமுறையினர் தொழிலில் இருக்கும்போதே, சொல்லியவர் பெயருடன் அவற்றைப் பதிவு செய்வது தமிழ்த்துறைகளின் களப்பணிக்குள் அடங்கும்.